அந்த இடத்தில் ஏதோ முளைத்திருக்கிறது: யாரிடம் காட்டுவது?

இதைப் படிக்கிற நீங்கள் இராத்திரி 1 மணிக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, போன் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நானும் கிட்டத்தட்ட ஐந்து மாதம் அப்படித்தான் இருந்தேன். அப்போது எனக்கு 24 வயது, கோவையில் இன்னும் இரண்டு பேருடன் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் குளிக்கும்போது ஆணுறுப்பின் மொட்டுக்குக் கீழே, அந்த விளிம்பைச் சுற்றி, ரவையளவில் வெள்ளையாக ஏதோ வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தேன். வலியும் அரிப்பும் இல்லை, அதுவே பயத்தைக் கூட்டியது, ஏனென்றால் பெரிய நோயெல்லாம் வலிக்காமல்தான் வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை ஆணுறை இல்லாமல் நடந்த ஒரு விஷயம் வேறு மனதில் இருந்தது. அதற்கான தண்டனை இதுதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

சரியான ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் இருக்கிற வழிகளில் பாதிக்கு மேல் நானே போய்ப் பார்த்துவிட்டேன். பிறகு ஒரு நண்பனுக்கு நிஜமாகவே பாலுண்ணி, அதாவது அந்த இடத்தில் தொற்றி வரும் மரு, வந்தபோது அவனோடு அலைந்ததில் மிச்ச வழிகளும் தெரிந்தன. அதனால் ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். காசு, கூச்சம், லீவு எல்லாம் முக்கியம்தான், ஆனால் நான் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று. அந்த ஆள் கண்ணால் பார்ப்பாரா? பார்த்துவிட்டு அதற்கு ஒரு பெயர் சொல்வாரா? அது உண்மையிலேயே நோய் என்றால் அங்கேயே வைத்தியம் தொடங்குமா?

அதற்கு முன்னால், அங்கே என்னென்ன வரலாம் என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. எனக்கு இருந்தது பேர்லி பீனைல் பப்பியூல்ஸ், முத்துப் போன்ற சின்னப் பருக்கள் என்று அர்த்தம். ஒன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இருக்கும், ஒரே அளவில் ஒன்று அல்லது இரண்டு மூன்று வரிசையாக நிற்கும், பருவ வயதுக்குப் பிறகு தெரிய ஆரம்பிக்கும், வயது ஏற ஏறக் குறையும். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது, ஆண்களில் 14 முதல் 48 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறார்கள். தொற்று இல்லை, நோயும் இல்லை, உடம்பின் அமைப்பே அப்படி. இன்னொன்று ஃபோர்டைஸ் புள்ளிகள். ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1896இல் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். முடி இல்லாமல் வெளியே தெரியும் எண்ணெய்ச் சுரப்பிகள்தான் அவை, தோலை இழுத்துப் பார்த்தால் மஞ்சள் கலந்த வெள்ளையாகத் தெரியும், உதட்டிலும் வரும். ஷேவ் செய்த பிறகு வரும் முடிக்கால் வீக்கம், உள்ளேயே வளர்ந்த முடி, விதைப்பையில் வரும் கருஞ்சிவப்புப் புள்ளிகள், கொழுகொழுவென்ற சின்னக் கட்டிகள் என்று ஆபத்தில்லாத பட்டியல் நீளமானது.

தொற்றாக வருவதில் முக்கியமானது ஹெச்.பி.வி. வைரஸால் வரும் பிறப்புறுப்புப் பாலுண்ணி. பத்தில் ஒன்பது பங்கு இந்த வைரஸின் 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருகிறது. புற்றுநோயோடு அதிகம் பேசப்படுகிற 16, 18 வகைகள் வேறு. இது ஒழுங்கான வரிசையில் வராது, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று சொரசொரப்பாக, சில சமயம் காலிஃபிளவர் பூ மாதிரி கொத்தாக வரும், தொற்றிய இரண்டு மூன்று மாதம் கழித்தோ அதற்கும் வெகுநாள் கழித்தோ தலைகாட்டும். நடுவில் குழி விழுந்த, முத்துப் போன்ற பருக்கள் என்றால் மொலஸ்கம் என்ற இன்னொரு வைரஸாக இருக்கலாம். ஈரமாக, தட்டையாக, சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தால் அது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டமாகவும் இருக்கலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்களே கண்ணாடி முன் நின்று தீர்ப்பு எழுதப் போனால், அது நான் முதலில் பிடித்த வழி. இணையத்தில் படங்களைத் தேடினேன். இதைப் பற்றி என் கருத்து கறாரானது: பெயர்களைத் தெரிந்துகொள்ளத் தேடுங்கள், படங்களைத் தேடாதீர்கள். படங்களில் வருவதெல்லாம் முற்றிப்போனவை, பயமுறுத்துபவை. இரண்டு படத்தைப் பார்த்தால் நிம்மதி, மூன்றாவது படத்தில் அந்த நிம்மதி போய்விடும், மறுபடி முதலிலிருந்து தேடுவோம். வினிகரைத் தடவி வெள்ளையாக மாறினால் பாலுண்ணி என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. அசிட்டிக் அமிலத்தை வைத்துப் பார்க்கும் முறை மருத்துவத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் சாதாரணமாகச் சிவந்திருக்கும் தோலும் உரசிப் புண்ணான தோலும்கூட அதில் வெள்ளையாகும், எனவே பாலுண்ணியை உறுதி செய்ய அதை மட்டும் டாக்டர்களே நம்புவதில்லை. நான் அதையும் செய்தேன். எரிந்தது, இரண்டு நாள் சிவந்து கிடந்தது, அந்தச் சிவப்பைப் பார்த்து இன்னும் பயந்தேன்.

அடுத்து, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்ற வழி. இதை முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஷேவ் செய்த மறுநாள் முடிக்காலில் வந்த பரு என்றால் ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் "தானாகப் போய்விட்டது, அப்புறம் என்ன" என்று நினைப்பது இந்த இடத்தில் ஆபத்து. சிஃபிலிஸின் முதல் புண் வலிக்காது, மூன்று முதல் ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமலே ஆறிவிடும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். அதனால் புண், இரத்தக் கசிவு, கெட்டியான கட்டி, வேகமாகப் பெரிதாகும் வளர்ச்சி, சில வாரமாக ஆறாத எதுவும், முன்தோல் புதிதாகப் பின்னுக்குப் போகாமல் இறுகிக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். வயது 50ஐத் தாண்டியவர் என்றால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும், அங்கே புற்றுநோயும் வரும், ஆரம்பத்தில் பிடித்தால் சின்ன அறுவையோடு முடியும்.

மெடிக்கல் ஷாப்புக்குப் போவதுதான் நம் ஊரில் ரொம்பப் பேர் எடுக்கிற வழி. கூட்டம் குறையும் வரை காத்திருந்து, "அண்ணா, தொடை இடுக்கில் அரிப்பு" என்று பொய் சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வருவோம். நானும் வாங்கினேன். அதில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தது. வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கிய பிறகும் கேட்டவுடன் கிடைக்கிறது. அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லியது, வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் இன்னும் மெலிந்துபோகும், பூஞ்சைத் தொற்று இருந்தால் அது உருமாறிப் படரும், பிறகு பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் பிடிபடாது. இன்னும் மோசம், கால் ஆணிக்கும் கை மருவுக்கும் விற்கிற சாலிசிலிக் அமிலத்தை அங்கே வைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள், வெந்துவிடும். என் மூன்று கேள்விக்கும் இங்கே பதில் இல்லை. கடைக்காரர் பார்ப்பதும் இல்லை, பார்க்கும் வேலையும் அவருடையது இல்லை.

பேருந்து நிலையக் கழிவறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் வழியும் உண்டு. இன்ன தேதியில் இந்த ஊர் லாட்ஜில் சந்திக்கலாம் என்று வருகிறவர்கள். பால்வினை நோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடத்துச் சட்டப்படி தடை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. லாட்ஜில் இருப்பவருக்கு உங்கள் பயம்தான் வருமானம், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

நான் அதிகம் ஏமாந்தது இரத்தப் பரிசோதனை பாக்கேஜில். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பார்கள், யாருக்கும் தெரியாது, முடிவு போனுக்கு வரும். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டினேன். ஒன்றை யோசிக்கவே இல்லை: தோலில் இருக்கிற ஒரு பரு என்ன என்பதை இரத்தம் சொல்லாது. பாலுண்ணி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஆண்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனையே கிடையாது. எச்.ஐ.வி., சிஃபிலிஸ் இரண்டும் நெகட்டிவ் என்று வந்தது, நிம்மதிப்படுவதற்குள் ஹெர்பீஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று இன்னொரு வரி, அதாவது கொப்புளம் வரவைக்கும் ஹெர்பீஸ் வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்று. சின்ன வயதில் உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் முதல் வகை வைரஸாலேயே உலகில் பாதிப் பேருக்கும் மேல் அப்படி வரும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு பயத்தைத் தீர்க்கப் போய் இரண்டு பயத்தோடு வந்தேன். பரிசோதனை தேவைதான், ஆனால் அதை டாக்டர் பார்த்துவிட்டு எழுதித் தர வேண்டும். எது தேவை, எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். தொற்றிய மறுவாரமே எச்.ஐ.வி.க்கு எடுத்தால் அந்த முடிவுக்கு அர்த்தம் கிடையாது, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

அப்புறம் தெருமுனை டாக்டர். சின்ன வயதிலிருந்து காய்ச்சலுக்குப் போகிற இடமாக இருந்தால் இன்னும் கூச்சம், அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்று தோன்றும். நான் அறைக்குப் பக்கத்தில் ஒருவரிடம் போனேன். சொல்லி முடிப்பதற்குள் "உடம்புச் சூடு, இளநீர் குடிங்க, ஒன்னும் இருக்காது" என்று சொல்லிவிட்டார். பார்க்கவே இல்லை. அவர் சொன்னது கடைசியில் சரியாகத்தான் போயிற்று, ஆனால் அந்த வார்த்தை அன்று எனக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பார்க்காமல் எப்படிச் சொல்கிறார் என்ற சந்தேகம் படி இறங்கும்போதே வந்துவிட்டது. ஆறுதல் என்பது பார்த்துவிட்டுச் சொல்வதில்தான் இருக்கிறது. உங்கள் டாக்டர் பார்க்கவில்லை என்றால் "ஒருதடவை பார்த்துடுங்க சார்" என்று கேளுங்கள், மறுத்தால் தோல் மருத்துவருக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீடியோவில் காட்டுவது நடுவில் நிற்கிறது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி இலவசம், தனியார் செயலிகளில் சில நூறு ரூபாய். பக்கத்தில் தோல் டாக்டரே இல்லாத ஊர்க்காரருக்கும், நேரில் போகக் கால் எழவில்லை என்பவருக்கும் இது நல்ல முதல் படி. ஆனால் ஒரு மில்லிமீட்டர் பருவை போன் கேமரா தெளிவாகப் பிடிக்காது, பெரும்பாலும் நேரில் வாருங்கள் என்றுதான் முடியும். அந்தப் படம் போன் கேலரியிலும் தானாகச் சேமிக்கிற கணக்கிலும் தங்கிவிடுவதையும் யோசியுங்கள். பேசினால் போதும் என்றால் 1097 இருக்கிறது, எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். அவர்களால் பார்க்க முடியாது, எங்கே போக வேண்டும் என்று சொல்ல முடியும்.

கடைசியில் எனக்குத் தீர்வு கிடைத்தது தனியார் தோல் மருத்துவரிடம். ஐநூறு ரூபாய், சாயங்காலம் ஏழு மணி, லீவு போட வேண்டியதில்லை. வரவேற்பில் இருந்த பெண் எல்லோர் முன்னாலும் "என்ன பிரச்சினை?" என்றபோது "ஸ்கின் அலர்ஜி" என்றேன், அது போதும், உள்ளே போய் உண்மையைச் சொன்னால் சரி. டாக்டர் கையுறை போட்டு, ஒரு சின்ன லென்ஸ் கருவியை வைத்து இரண்டு நிமிடம் பார்த்தார். பெயரைச் சொன்னார், ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார், பாலுண்ணி என்றால் எப்படி இருக்கும் என்று பக்கத்திலேயே படம் வரைந்து காட்டினார். ஐந்து மாதமாக "அது" என்று மட்டுமே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தவுடன் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

தனியாரிடம் போகும்போது பலகையில் டி.வி.எல். என்ற மூன்று எழுத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கிற வி. என்பது பால்வினை நோய், நம் நாட்டில் தோல் டாக்டர் படிப்பிலேயே அதுவும் சேர்ந்திருக்கிறது, தனியாக ஒரு டாக்டரைத் தேடி அலைய வேண்டாம். முகப்பொலிவு, முடி நடுவது என்று மட்டும் விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்த்துவிடுவேன். எனக்கு இருந்தது போன்ற பருக்களை லேசர் வைத்து எடுத்துவிடலாம், இத்தனை சிட்டிங் என்று எங்காவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், நோயில்லாததைச் சுட வேண்டிய அவசியம் இல்லை.

அரசு மருத்துவமனையைப் பற்றித்தான் நம்மவர்களுக்குத் தேவையில்லாத பயம் அதிகம். என் நண்பன் அங்கேதான் போனான், கூட நானும் போனேன். காலையில் ஓ.பி. சீட்டு, காசு கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்க்கான பிரிவு இருக்கும், தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்ற பெயரில் பார்க்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், அதுவும் இலவசம், முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது, முடிவை வெளியில் சொல்லக்கூடாது என்று 2017ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது.

குறையும் உண்டு. அரை நாள் போய்விடும், தினக்கூலிக்காரருக்கு அது பெரிய இழப்பு. வரிசையில் தெரிந்தவர் நின்றால் என்ன செய்வது என்ற பதைப்பு இருக்கும். மருத்துவக் கல்லூரி என்றால் படிக்கிற மாணவர்கள் நான்கு பேர் சுற்றி நிற்பார்கள், வேண்டாம் என்றால் டாக்டரிடம் சொல்லலாம், நண்பன் சொன்னான், அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒரு நாளில் அங்கே இருக்கிற டாக்டர் பார்க்கிற எண்ணிக்கை வேறெங்கும் கிடையாது. நம் விஷயம் அவருக்குக் காலையில் பார்க்கிற பத்தாவது கேஸ். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாததே பெரிய ஆறுதலாக இருந்தது.

எனவே என் கணக்கு இப்படி: என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால், கையில் ஐநூறு ரூபாய் இருந்து லீவு கிடைக்காது என்றால் தனியார். வைத்தியம் தேவைப்படும் என்று தோன்றினாலோ, பரிசோதனையும் எடுக்க வேண்டும் என்றாலோ அரசு மருத்துவமனை. பாலுண்ணி ஒரே தடவையில் போவது அபூர்வம். கரண்ட் வைத்துச் சுடுவது, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, அமிலம் தொட்டு வைப்பது, வாரம் மூன்று நாள் என்று 16 வாரம் வரை தடவுகிற இமிக்விமாட் களிம்பு என்று எதுவானாலும் திரும்பத் திரும்பப் போக வேண்டும், முதல் மூன்று மாதத்தில் மறுபடி வருவதும் சகஜம். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாரில் கட்டிக்கொண்டிருந்தால் பாதியில் நிறுத்திவிடத் தோன்றும்.

பெண்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கடினம், அதை ஒரு பத்தியில் சொல்வது போதாது என்று தெரிந்தே சொல்கிறேன். என் பருக்களுக்கு இணையானது பெண்களுக்கும் உண்டு, யோனி வாசலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மிருதுவாக, ஒவ்வொன்றும் தனித்தனி அடியோடு நிற்கும், வெஸ்டிபுலர் பாப்பிலோமடோசிஸ் என்று பெயர். அதைப் பாலுண்ணி என்று தவறாக நினைத்துச் சுட்டுவிடுவதும் நடந்திருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் போவது எளிது, வீட்டில் கேள்வி வராது, கருப்பை வாய்ப் பரிசோதனையையும் அங்கேயே செய்துகொள்ளலாம். ஆனால் தோலில் வந்தது என்ன என்று சொல்வதில் பெண் தோல் மருத்துவரையே நான் முதலில் வைப்பேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி எப்படியும் வரும். உடலுறவு நடந்திருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது, அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பார்த்துச் சொன்ன பிறகும் பயம் போகவில்லை என்றால்? எனக்குப் போகவில்லை. மூன்று வாரத்தில் மறுபடி டார்ச், மறுபடி சந்தேகம், அந்த டாக்டர் தவறவிட்டிருந்தால் என்ற எண்ணம். இரண்டாவதாக ஒரு தோல் மருத்துவரிடம் போனேன், அவரும் அதே பெயரைச் சொன்னார். ஒரு முறை இரண்டாவது கருத்து கேட்பது நியாயம். மூன்றாவதாக ஒருவரைத் தேட ஆரம்பித்தபோது, பிரச்சினை தோலில் இல்லை என்று எனக்கே புரிந்தது. இரண்டாவது டாக்டரிடமே போனில் கேட்டேன். மாதம் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், ஒரே ஒரு முறை பாருங்கள், புதிதாக ஒன்று, உருவம் மாறிய ஒன்று, புண்ணான ஒன்று இருந்தால் மட்டும் வாருங்கள் என்றார். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. அப்படியும் அடங்கவில்லை, வேலையும் தூக்கமும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இதே வைத்தியத்தின் ஒரு பகுதிதான், அவர்களுக்கு இது பழக்கமான பயம்.

என் நண்பனுக்கு அரசு மருத்துவமனையில் மூன்று சிட்டிங் ஆயிற்று. சிஃபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டும் எடுத்தார்கள், இரண்டும் இல்லை. மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்கள். அதைச் சொல்ல அவனுக்கு நான்கு நாள் பிடித்தது. யாரிடமிருந்து எப்போது வந்தது என்று இந்த வைரஸை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டும் வெளியே வரும் என்று ஆலோசகர் அவளிடமும் பொறுமையாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு பாலுண்ணி மறுபடி வந்திருக்கிறது. முதல் தடவை இராத்திரி 12 மணிக்குப் போன் பண்ணி நடுங்கியவன், இந்தத் தடவை காலையிலேயே சீட்டுப் போட்டு, காட்டிவிட்டு, சுட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். எனக்குச் சாயங்காலம் டீக்கடையில்தான் சொன்னான்.